இரட்டைத் தகடு

ஊசி முனையில் ஒட்டிக்கொண்டு வந்தது மண் என்றுதான் நினைத்தேன். பச்சை நிறம், களிம்பு, கடுகில் பாதிகூட இருக்காது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தால் அந்த இடத்தில் ஒரு கோடு. பொத்தானின் விளிம்பில், ஒரு தலைமுடியை வைத்து அழுத்தி எடுத்தாற்போல. கீறிவிட்டேனோ என்று விரலால் தடவிப் பார்த்தேன். அதைத்தானே சொல்லிவிட்டுப் படுக்கப் போனார் என் வீட்டுக்காரர் அருமைநாயகம். "டீச்சர், இதை இந்த நீல வெல்வெட்டுல நிக்கிற மாதிரி தைச்சிக் குடு. முகம் தெரிஞ்சாப் போதும். வேற ஒண்ணும் பண்ணாத, சுரண்டிராத." நான் சுரண்டவில்லை. பின்பக்க வளையத்தில் நூல் கோக்கப் போனபோது ஊசி விளிம்பில் இடித்தது, இடித்த இடத்தில் களிம்பு உதிர்ந்தது, அவ்வளவுதான். அதற்கு அப்புறம் கொஞ்சம் சுரண்டினேன். ஆமாம், சுரண்டினேன், இல்லை என்று யாரிடம் சொல்லப்போகிறேன். ஒரு கோடு தொடங்கினால் அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்காமல் இருக்க எனக்கு வராது. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், பிள்ளைகளின் பாவாடை ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண். இந்தக் கோடு எங்கேயும் முடியவில்லை. பொத்தானை ஒரு சுற்று சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே சேர்ந்துகொண்டது. அவருடைய லென்ஸை எடுத்து ஜன்னலுக்குத் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன். முன்பக்கம் ஒரு தகடு, பின்பக்கம் ஒரு தகடு. முன்தகட்டின் ஓரத்தைப் பின்தகட்டின் மேல் மடித்து அழுத்தியிருக்கிறார்கள், துணியில் ஓரம் மடித்து அடிப்பதைப் போலவே, எவ்வளவு நேர்த்தியாக. நன்றாகச் செய்திருக்கிறானே என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரை. ஆறு மணிக்குக் கூட்டம்.

பக்கத்து அறையில் குறட்டை. மின்விசிறி சுழலும் சத்தத்தோடு சேர்ந்து ஒரே சீராக ஏறி இறங்குகிறது. அவருடைய நோட்டு இங்கே மேஜையில்தான் இருக்கிறது. தகட்டைப் பற்றி எழுதியது எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். ஆனாலும் ஒருவேளை நான் தப்பாக ஞாபகம் வைத்திருக்கலாம் என்று ஒரு ஆசையில் திறந்து பார்க்கிறேன். சர்வேயராக இருந்தவர் கையெழுத்து, எறும்பு வரிசை மாதிரி. 'ஒற்றைத் தகடு, பின்னால் பற்றவைத்த வளையம்: பழசு. இரட்டைத் தகடு, விளிம்பு மடித்தது: 1813க்குப் பிறகே.' பிறகே என்பதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. அவரே எழுதியது, அவரே கோடு போட்டது. ஆனால் இன்று சாயங்காலம் நூலக மாடியில் அவர் பேசப்போவது பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையைப் பற்றி, 1801. கம்பெனிப் பட்டாளம் பாளையங்கோட்டையிலிருந்து கிழக்கே போன பழைய பாதையில், அந்தப் பட்டாளத்து ஆள் ஒருவனின் சட்டையிலிருந்து விழுந்த பொத்தான் என்று. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆலடிப் பத்து என்கிற வயக்காட்டில், குளத்து வண்டலைக் கொட்டி நிரவியிருந்த வாழைத் தோட்டத்தில் கிடைத்தது. மெட்டல் டிடெக்டர் கீச்கீச்சென்று கத்த, அவர் முட்டி போட்டு மண்ணை விரலால் விலக்கி, உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டுத் துடைத்தார். இலைவளையமும் நடுவில் ஒரு எண்ணும் தெரிந்தன. மூன்றோ எட்டோ, பாதி தேய்ந்திருந்தது. "டீச்சர், இது சண்டைக்குப் போனது," என்றார். அந்த நிமிஷமே அவர் முடிவு செய்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. அதற்குப் பிறகு லென்ஸில் பார்த்ததெல்லாம் அந்த முடிவுக்கு உள்ளே நின்றுகொண்டு பார்த்ததுதான். விளிம்பில் களிம்பு மூடியிருந்தது, எடுத்தால் பொத்தான் கெட்டுப்போகும் என்று தொடாமல் வைத்திருந்தார். 1801க்கும் 1813க்கும் நடுவே பன்னிரண்டு வருஷம். இருநூறு வருஷத்துக்கும் மேலே போன சாமானில் பன்னிரண்டு வருஷம் என்ன பெரிய வருஷம்? ஆனால் அந்தப் பன்னிரண்டு வருஷத்தின் மேலேதானே பேச்சு முழுவதும் நிற்கிறது. எட்டுப் பக்கம். எனக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டிவிட்டார், மூன்று தடவையும் கடைசிப் பக்கத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

ஜன்னல் வழியாக வெயில் மேஜையில் பாதி வரைக்கும் வந்திருக்கிறது. வேப்பம்பூ வாசம். இந்த நேரம் எனக்குப் பிடிக்கும். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் எனக்குப் பிடித்தவை நிறையச் சேர்ந்துவிட்டன, ஐம்பத்தாறு வயதுக்கு மேலே இப்படிச் சேரும் என்று யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அவருடைய அக்கா என்னோடு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். தம்பியும் தனி, நீயும் தனி, ரெண்டு பேருக்கும் ரெண்டு அடுப்பு எதுக்கு என்று அவள்தான் பேச்சை எடுத்தாள். முதல் ஆறு மாதம் என்னை வாங்க போங்க என்றுதான் கூப்பிட்டார். மனுஷன் சபையிலே மூப்பர் மாதிரி நடந்துகொள்கிறாரே என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு நாள் உழுத புஞ்சையில் நான் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாகக் குனிந்து நடந்துகொண்டிருக்கையில், "ஏ டீச்சர், இங்க வா, இதைப் பாரு!" என்று கத்தினார். நீ என்று சொன்னது அவருக்கே தெரியாது. நான் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டிமண்ணில் தடுக்கித் தடுக்கி ஓடினேன். பார்த்தால் ஒரு பித்தளைப் பொத்தான். அதன் முகத்தில் எழுத்து ஓடியது. பெரிய அதிகாரியின் கோட்டுப் பொத்தான் என்று ஒரு வாரம் பெருமையாகத் திரிந்தார். தேய்த்துப் படித்தால், 'உயர்ந்த ரகம்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கால்சட்டைப் பொத்தான். தோள்வார் மாட்டுகிற இடத்தில் வைப்பது. அவர் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து நான் முதுகைத் தடவிவிட வேண்டியதாயிற்று. அதுவும் இப்போது அந்த மாத்திரை டப்பாவில் இருக்கிறது, கிழமை போட்ட டப்பா, திங்களில் கிரீடம் போட்டவை, செவ்வாயில் சிங்கத் தலை போட்ட போலீஸ் பொத்தான்கள், புதனில் ரயில்வே, வியாழனில் எந்தப் பள்ளிக்கூடத்து பாண்டு வாத்தியக்காரனுடையதோ தெரியாத ஒன்று. கிரீடம் இருந்தால் சுதந்திரத்துக்கு முந்தி, சிங்கம் இருந்தால் பிந்தி, இது எனக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. வளையம் வார்ப்பிலேயே வந்ததா, பிறகு பற்றவைத்ததா என்பதெல்லாம் மெல்ல மெல்ல. துணியில் வைத்துத் தைக்கிற சாமானாக மட்டும் பொத்தானைப் பார்த்தவள் நான். அதற்கு முன்னும் பின்னும் பக்கம் உண்டு, வயசு உண்டு என்று அறுபதை நெருங்கும்போது தெரிந்துகொள்வது எவ்வளவு நன்றாக இருக்கிறது. அன்றைக்குச் சிரித்தாரே, இன்றைக்கும் சிரிக்க மாட்டாரா? அன்றைக்குப் புஞ்சையில் நாங்கள் இரண்டே பேர். இன்றைக்கு அறுபது நாற்காலி போடுகிறார்கள்.

சிரித்தவர்கள் எல்லாம் பிறகும் சிரித்துக்கொண்டே இருப்பதில்லை. தங்கதுரையும் சிரித்தார். என் முதல் வீட்டுக்காரர். போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது, அவரைக் குறை சொல்ல எனக்கு இப்போது ஒன்றும் இல்லை, ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள், கை ஓங்கினது கிடையாது, குடி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். வேதக்கோயிலுக்கு ஆர்மோனியம் வாங்கினது தன் அப்பா செயலாளராக இருந்த வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் குழம்பு ஊற்றிக்கொண்டே, "அதுக்கு அடுத்த வருஷம்லா வாங்கினாவ," என்றேன். சாதாரணமாகத்தான் சொன்னேன், உப்பு போதுமா என்று கேட்கிற மாதிரி. எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். விருந்தாட்கள் போனார்கள். கை கழுவினார். அதற்குப் பிறகு நாற்பத்தொரு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு வேண்டும் என்றால் சுவரைப் பார்த்து, "சாப்பாடு," என்பார். சுவரைப் பார்த்து, "சட்டை," என்பார். நான் கேட்டால் பதில் வராது. அழுதால் பதில் வராது. நாற்பத்திரண்டாம் நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி, "இன்னைக்கு மழை வரும்போல," என்றார். அதற்காக நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, மழை வரும்போல என்ற ஒரு வார்த்தைக்கு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் எந்த வருஷத்தையும் திருத்தவில்லை. அவர் சொன்ன வருஷம்தான் வருஷம். பிறகு பழகிவிட்டது, தப்பு கண்ணில் படுவதே குறைந்துவிட்டது. அருமைநாயகம் அப்படிப்பட்டவர் இல்லை. இல்லைதான். ஆனால் இந்த மூன்று வருஷத்தில் அவர் ஆசையாகப் பிடித்திருந்த ஒன்றை நான் ஒரு தடவையாவது கையிலிருந்து தட்டிவிட்டிருக்கிறேனா? இல்லையே. அப்படியானால் அவர் எப்படிப்பட்டவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? பாதி மேஜையில் இருந்த வெயில் இப்போது பொத்தான் வரைக்கும் வந்துவிட்டது. கோடு மினுங்குகிறது. ஒரு தடவை தெரிந்துவிட்டால் பிறகு லென்ஸே வேண்டாம் போலிருக்கிறது.

அவருடைய செல்போன் மேஜையில் கிடந்து நடுங்குகிறது. குறட்டை நின்றுவிடுமோ என்று பயந்து சட்டென்று எடுத்துவிட்டேன். நூலக வாசகர் வட்டத்துச் செயலாளர் இசக்கிமுத்து. "அக்கா, ஸார் தூங்குதாவளா? எழுப்ப வேண்டாம், எழுப்ப வேண்டாம். ஒண்ணும் இல்ல, பேப்பர்ல இருந்து ரெண்டு பேரு வாராவ. பட்டனைக் கிட்டத்துல வச்சி போட்டோ எடுக்கணுமாம். எடுக்கலாம்லா?" நான் என் கையிலிருந்த பொத்தானைப் பார்த்தேன். "முகத்தத்தான எடுப்பாவ?" என்று கேட்டேன். "முகம் போதும்க்கா, நம்பரு தெரியணும், அவ்வளவுதான். ஸார் பேச்சை நாளைக்குப் பெரிசாப் போடுதோம்னு சொல்லிருக்காவ. நீங்களும் கட்டாயம் வந்துருங்க." சரி தம்பி, சரி தம்பி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகும் அந்தக் கேள்வி காதில் நிற்கிறது. முகத்தத்தான எடுப்பாவ. யார் கேட்டது அது? நான்தான். யோசிக்காமல் கேட்டேன், அவ்வளவு லேசாக வந்தது வாயில். இரண்டரை மணியிலிருந்து சொல்லலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், ஆனால் வாய் அதற்குள் ஒளிக்க ஆரம்பித்துவிட்டது. வெல்வெட்டில் இறுக்கி நாலு தையல் போட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துவிட்டால் விளிம்பு யாருக்கும் தெரியாது. கைதட்டுவார்கள். நாளைக்குக் காலையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு காப்பி குடிப்பார், கத்தரித்து நோட்டில் ஒட்டுவார். நான் பக்கத்தில் நின்று பசை எடுத்துக் கொடுப்பேன். எத்தனை நாளைக்கு? ஆலடிப் பத்துக்கு மறுபடி போவோம், இன்னொரு பொத்தான் கிடைக்கும், "விளிம்பைப் பாத்துச் சொல்லு டீச்சர், ஒத்தைத் தகடா ரெட்டைத் தகடா?" என்று லென்ஸை நீட்டுவார். அப்போது என்ன சொல்வேன்?

ஊசியில் நீல நூல் கோத்தேதான் இருக்கிறது. ஒரு தையல் போட்டுப் பார்க்கிறேன். நன்றாகத்தான் நிற்கிறது, சாயவில்லை. இன்னொன்று. முகம் வெயிலில் பளபளக்கிறது, இலைவளையம் அழகு, மூன்றோ எட்டோ அதுவும் அழகு. யாரோ ஒருவன் இதைத் தினமும் சாம்பலோ செங்கல் பொடியோ போட்டுத் தேய்த்திருப்பான், அதனால்தான் எண் தேய்ந்திருக்கிறது. பக்கத்து அறையில் குறட்டை ஒரு தடவை விக்கி, நின்று, மறுபடி தொடங்குகிறது. எனக்கு மூச்சு நின்று தொடங்குகிறது. ஒன்று மட்டும் தெரிகிறது. இதைத் தைத்து முடித்தால் நான் அந்தப் பழைய வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். தங்கதுரை என்னைச் சுவராக்கினார். இவர் ஒன்றும் செய்யாமலே, தூங்கிக்கொண்டிருக்கையிலே, நான் இவரை அவராக்கிவிடுவேன். அது அநியாயம் இல்லையா? பேசாமல் இருந்தால் இருக்கட்டும். நாற்பத்தொரு நாளோ நானூறு நாளோ. ஆனால் இவர் அப்படி இருந்தால் நான் இந்தத் தடவை ஸ்தோத்திரம் சொல்ல மாட்டேன், என்ன கோபம் என்று முகத்தைப் பார்த்துக் கேட்பேன். கேட்பேனா? கேட்பேன். கத்தரிக்கோலை எடுத்து இரண்டு தையலையும் வெட்டினேன். நூலை உருவினேன். பொத்தானை வெள்ளைத் தாளின் மேல் குப்புறப் போட்டேன். நாலே கால். குறட்டை நின்றுவிட்டது. கட்டில் கிறீச்சிடுகிறது. செருப்பைத் தேடுகிற சத்தம். கூடவே கொட்டாவி, "யேசப்பா" என்று எப்போதும் போல.

முகம் கழுவித் துண்டோடு வந்து நிற்கிறார். "டீச்சர், தைச்சாச்சா?"

"இல்ல."

"வளையத்துல நூலு போகலையோ?"

"நூலு போகுது. இங்க வந்து பாருங்க. நான் கொஞ்சம் சுரண்டிட்டேன். வேணும்னுதான் சுரண்டினேன்."

எதிர் நாற்காலியில் உட்காருகிறார். லென்ஸை நானே எடுத்துக் கொடுக்கிறேன். பொத்தானைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடிக்கிறார், மெல்லத் திருப்புகிறார், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. நான் விளக்க வேண்டியதில்லை, நோட்டில் அதை எழுதினவர் அவர்தானே. எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நிற்கிறார். பனியன் முதுகில் கட்டிலில் விரித்த பாயின் கோடுகள் பதிந்திருக்கின்றன. வெளியே யாரோ குடத்தை வைக்கிறார்கள். நான் எண்ண ஆரம்பித்துவிட்டேன், ஒன்று, இரண்டு, மூன்று, வேண்டாம் என்றாலும் நிற்கவில்லை, முப்பது, முப்பத்தொன்று. முப்பத்தாறில் திரும்பினார்.

"எப்பப் பாத்த?"

"ரெண்டரைக்கு."

"எழுப்பிருக்கலாம்லா."

"பயமா இருந்துச்சி."

"என்னத்துக்கு?"

"பேசாம இருந்துருவியளோன்னு."

அவருக்குப் புரியவில்லை. நாற்பத்தொரு நாளை நான் அவரிடம் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கண் இன்னும் தூக்கத்தில் சிவந்திருக்கிறது. "பேசாம இருக்கதுக்கா ஆறு மணிக்கு மைக்கு வச்சிருக்காவ?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டன, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "வருத்தமாத்தான் இருக்கு டீச்சர். இல்லன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு மாசமா நான் அந்தச் சண்டைக்குள்ளயேதான் கெடந்தேன்." எட்டுப் பக்கத்தை எடுத்து, முதல் பக்கத்தைப் பார்த்து, கவிழ்த்து வைத்தார். பிறகு செல்போனை எடுத்தார். "இசக்கி, நாந்தான். பேப்பர்க்காரவ வாராவளா? வரச் சொல்லு. ஆனா 1801ன்னு எழுதியிருந்தா அழிச்சிரு. தப்பாச் சொல்லிட்டேன். இல்லப்பா, உறுதியாத் தப்பு. எங்க டீச்சர் பாத்துச் சொல்லிட்டா. அதத்தான் பேசப்போறேன், வேற என்னத்தப் பேச?" எங்க டீச்சர் என்று சொன்னபோது குரலில் ஒரு மாறுதலும் இல்லை, கடையில் சீனி கேட்கிற குரல்தான்.

காப்பி போட்டுக் கொண்டுவந்தேன். டம்ளரை வாங்கிக்கொண்டே பொத்தானையே பார்க்கிறார். "பதிமூணுக்குப் பெறவுன்னா இந்தப் பக்கம் சண்டையே கெடயாதே. அப்ப எவன் சட்டையில இருந்து, எப்படித்தான் விழுந்திருக்கும் இது?"

"அறுந்து விழுந்திருக்கு," என்றேன்.

"எப்படிச் சொல்லுத?"

"வளையத்தப் பாருங்க. வட்டமா இல்ல, ஒரு பக்கமா இழுபட்டு நீண்டிருக்கு. சட்டை பத்தாம நாளும் இழுத்து இழுத்துப் போட்டாத்தான் இப்படி வரும். ஜூன் மாசம் தைச்ச யூனிபார்ம பிள்ளையெல்லாம் பங்குனி வரைக்கும் போடும்லா, அதுல இப்படித்தான் இருக்கும். ஆளு தடிச்சிருக்கான். வயித்துக்கு நேர இருந்த பட்டன் இது."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "சண்டை இல்லாத காலம்," என்றார்.

"சோறு தின்னு தூங்கியிருக்கான்."

இப்போது சிரித்தார். தோள் குலுங்க, மேஜையிலிருந்த ஊசி டப்பா அதிர, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும். பிறகு கண்ணைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த தாள்களை இழுத்து, வெறும் பக்கம் மேலே வரும்படி தட்டி அடுக்கினார். பேனா மூடியைக் கழற்றினார். நான் வளையத்தைத் தொட்டுக் காட்டி, நூல் எந்தப் பக்கம் அறுந்திருக்கும், சட்டை எத்தனை நாள் உழைத்திருக்கும், அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எப்படிப் பொத்தான் போட்டிருப்பான் என்று என் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகிறேன், எங்கிருந்து இத்தனை பேச்சு வருகிறது என்று எனக்கே தெரியவில்லை, மணி ஐந்தாகிவிட்டது, நான் இன்னும் புடவைகூட மாற்றவில்லை.

"மெதுவாச் சொல்லு," என்றார், தலையைத் தூக்காமல். "எழுதிக்கிடுதேன்."